கோப்பு திறக்காததற்கெல்லாம் ஃபார்மட் தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று வரை ஒழுங்காகத் திறந்த பிடிஎஃப் கோப்பு இன்று எந்த மென்பொருளில் திறப்பது என்று கேட்டு நிற்பதும், படத்தைச் சொடுக்கினால் தொடர்பே இல்லாத வேறொரு செயலி திறந்துகொள்வதும், மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் வழக்கமான கட்டளைகள் காணாமல் போவதும் விண்டோஸ் கணினி வைத்திருப்போர் பலரும் சந்திக்கும் சிக்கல்கள். இவற்றோடு பழுது பார்க்கச் செல்வோருக்குப் பல நேரங்களில் கிடைக்கும் பதில், 'ஃபார்மட் செய்துவிடலாம்', அதாவது வட்டில் உள்ளவற்றை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவலாம் என்பதுதான். வேறிடத்தில் நகல் எடுத்து வைக்காத புகைப்படங்களையும் ஆவணங்களையும் இதனால் மக்கள் இழப்பது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. அவ்வளவு பெரிய வைத்தியம் தேவைப்படும் நோயே அல்ல இது.

இத்தகைய நேரங்களில் கோப்பு பெரும்பாலும் கெட்டிருப்பதில்லை. கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளைப் பார்த்து, அந்த வகையை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பதை ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் விண்டோஸ் தேடுகிறது. அந்தப் பதிவு மாறிவிட்டது, அல்லது நீக்கப்பட்ட ஒரு மென்பொருளை இன்னமும் சுட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. இப்பதிவுகள் கணினி முழுமைக்கும் ஓரிடத்திலும், ஒவ்வொரு பயனருக்கும் தனியே வேறோரிடத்திலும் இருக்கின்றன. இரண்டும் முரண்பட்டால் பயனருடையதே செல்லும். ஆகவே புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் கோப்பைத் திறந்து பார்த்தாலே, கோளாறு கணினி முழுவதிலும் உள்ளதா, நம் கணக்கில் மட்டும்தானா என்று தெரிந்துவிடும்.

சரிசெய்ய, கோப்பின் மீது வலச் சொடுக்கி 'ஓப்பன் வித்' வழியாக உரிய மென்பொருளைத் தேர்ந்து, எப்போதும் இதையே பயன்படுத்து என்பதை உறுதிசெய்தால் போதும். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'டீஃபால்ட் ஆப்ஸ்' என்னும் இடத்திலும் இதைச் செய்யலாம். விண்டோஸ் 7 காலத்துக் குறிப்புகளை நம்பிப் பதிவேட்டை நேரடியாகத் திருத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் 8 முதல், பயனரின் தேர்வு ஒரு சரிபார்ப்புக் குறியீட்டுடன் சேர்த்தே பதியப்படுகிறது, பிற நிரல்கள் நம்மைக் கேட்காமல் அதை மாற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. எனவே கையால் எழுதிய திருத்தத்தைக் கணினி ஏற்காமல் போகலாம். மென்பொருள்களைத் தொடங்கும் எக்ஸ்இ கோப்புகளே திறக்காவிட்டால் மட்டும் தீங்குநிரலின் வேலையாக இருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும். அப்போதும் 'சிஸ்டம் ரெஸ்டோர்' மூலம் முந்தைய நிலைக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு, வைரஸ் சோதனையும் நடத்தலாம். சொந்த ஆவணங்களை 'சிஸ்டம் ரெஸ்டோர்' தொடுவதில்லை.

வலச் சொடுக்குப் பட்டியலைப் பொறுத்தவரை, காணாமல் போனதாகத் தோன்றுவதில் ஒரு பகுதி காணாமலே போகவில்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11 இப்பட்டியலைச் சுருக்கிவிட்டது. பழைய முழுப் பட்டியல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதன் உள்ளே, அல்லது ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கிடைக்கும். அதேபோல, 15-க்கு மேற்பட்ட கோப்புகளை ஒருசேரத் தேர்ந்தெடுத்தால் திறத்தல், அச்சிடுதல் போன்ற கட்டளைகளை விண்டோஸ் வேண்டுமென்றே மறைத்துவிடுகிறது. இதையறியாமல் கணினி பழுதாகிவிட்டது என்று கலங்குவோர் உண்டு. புதிய கோப்புகளை உருவாக்க உதவும் 'நியூ' பட்டியலில் டெக்ஸ்ட் கோப்பு இல்லாமல் போவது உண்மையான கோளாறு. பதிவேட்டில் அவ்வகைக்குரிய 'ஷெல்நியூ' என்னும் பதிவு அழிந்திருப்பது இதற்கு ஒரு காரணம். விண்டோஸ் 11-இல் டெக்ஸ்ட் கோப்புகளைத் திறக்கும் நோட்பேட் செயலியை நீக்கியிருந்தால், அதை மீண்டும் நிறுவினால் சரியாகலாம்.

ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் பழுதுபார்ப்பதாகச் சொல்லும் அறிமுகமற்ற நிரல்களையும், யாரோ எழுதிய பதிவேட்டுக் கோப்புகளையும் இறக்கி இயக்குவதுதான் இதில் என்னை மிகவும் அஞ்சவைப்பது. பதிவேட்டைத் தொடுமுன் அதன் நகலை 'எக்ஸ்போர்ட்' செய்து பத்திரப்படுத்த வேண்டும் என்று அவற்றைப் பரிந்துரைப்போர் பலர் சொல்வதே இல்லை. மென்பொருள் நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு: நிறுவும்போதே எல்லாக் கோப்பு வகைகளையும் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் தேர்வுப் பெட்டியை முன்கூட்டியே குறியிட்டு வைப்பதையும், நீக்கும்போது பழைய பதிவுகளை அப்படியே விட்டுச் செல்வதையும் அவை கைவிட வேண்டும்.

கோப்பு வகையைக் காட்டும் கடைசி எழுத்துகளை விண்டோஸ் இயல்பாக மறைத்தே வைத்திருப்பதால், பிடிஎஃப் போலப் பெயரிட்ட எக்ஸ்இ கோப்பைப் பலரும் அடையாளம் காண முடிவதில்லை. அவற்றை வெளிக்காட்டும் முறை தொடங்கி, மேற்சொன்ன வழிகளையும் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் படங்களுடன் விரிவாக வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்