பெரியப்பாவின் கால் வீக்கம்

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நடவுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அதை அப்புறம் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போய்ப் பெரியப்பாவைப் பார்த்தேன். முதியோர் இல்லம் சுத்தமாகத்தான் இருக்கிறது, நீ கட்டும் பணத்துக்குக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அவர் செருப்பு கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடக்கிறது. கால் நுழையவில்லையாம். நான் தொட்டுப் பார்க்க முடியுமா? அங்கே வேலை பார்க்கும் பெண்ணை விட்டுக் கணுக்காலுக்கு மேல் அழுத்தச் சொன்னேன். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி விழுந்து அப்படியே நின்றது. "வயசானா வீங்கும்மா" என்கிறாள். ராத்திரி படுத்தால் இருமுகிறார், நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்குகிறார் என்பதும் நான் கேட்ட பிறகுதான் வருகிறது.

சாப்பாட்டில் பாதியை ஒதுக்குகிறார், எடை மட்டும் ஏறியிருக்கிறது. சாப்பிடாத மனுஷருக்கு எடை எப்படி ஏறும்? அத்தனையும் நீர். இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்தபோதே தஞ்சாவூர் டாக்டர் சொன்னாரே, இதயம் ரத்தத்தைத் தள்ளத் திணறினால் காலிலும் நுரையீரலிலும் நீர் கோக்கும், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே கூட்டி வாருங்கள் என்று. அவர் எழுதிக் கொடுத்த சீட்டு அங்கே யாரிடமும் இல்லை. அடிக்கடி பாத்ரூம் அழைத்துப் போகணுமே என்று நீர் மாத்திரையைப் பாதி நாள் கொடுப்பதில்லை. தட்டில் ஊறுகாய், அப்பளம், அந்த உப்பு நீரைப் பிடித்து வைக்காதா? மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை வேறு, அதுவும் நீரைப் பிடித்து வைக்குமாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட்டேன், பயப்படாதே.

போன் செய்தால் "நல்லா இருக்காரா" என்று கேட்காதே. நல்லா இருக்கார் என்றுதான் சொல்வார்கள். காலையில் ஒன்றுக்குப் போய் வந்ததும், காபிக்கு முன்னால், எடை எவ்வளவு என்று கேள். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேள். திடீரென்று குழப்பமாகப் பேசினாலும் வயசு என்று விடக் கூடாது.

சொந்தப் பிள்ளை இருந்தால்கூட இப்படி மாதம் தவறாமல் கட்டுமா என்று தெருவே சொல்கிறது. எனக்குப் பெருமைதான். அவரிடம் ஒரு வார்த்தை பேச மட்டும் உனக்கு நேரமில்லை.

கீழ்த்தளத்தில் இன்னொரு அறை காலியாகிறதாம், நீ விசாரித்திருந்தாயாம், மேனேஜர் சொன்னார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வத்தல் காயவைக்கத் தினமும் மாடி ஏறி இறங்குகிறேன், மூச்சு வாங்கவில்லை.

எடை எழுத நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் நம்பர் மாமாவிடம் இருக்கிறது. மேனேஜரிடம் வேண்டாம், அவளிடமே பேசு. எடையைக் கேள்.

அம்மா