மெய்நிகர் கணினிப் பயிற்சி: ஞாயிறு காலை 10 மணி

முன்னாள் மாணவர் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பாளையங்கோட்டையில், நமது கல்லூரிக் கணினி ஆய்வகத்தில், லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை (ஒரு கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் தனிக் கணினிகள்) இயக்கும் பயிற்சி நடைபெறும்.

1. மடிக்கணினியின் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) மெய்நிகர் கணினிகளுக்கான விர்ச்சுவலைசேஷன் வசதியை இயக்கிவிட்டு, அவற்றை நிர்வகிக்கும் மென்பொருளான விர்ட்-மேனேஜரை வீட்டிலேயே நிறுவிக்கொண்டு வாருங்கள்.

2. வட்டில் 40 ஜிபி காலியாக இருக்கட்டும். மெய்நிகர் கணினிக்கு வட்டாகப் பயன்படும் கியூகவ்2 (qcow2) வகைக் கோப்பு தொடக்கத்தில் சிறிதாகவே இருக்கும். ஆனால் எழுத எழுத வளர்ந்து, உள்ளே கோப்புகளை அழித்தாலும் பொதுவாகத் தானே சுருங்காது என்பதால், குறித்த அளவு முழுவதும் ஒருநாள் தேவைப்படும் என்றே கணக்கிடுங்கள். (சென்ற மாதம் என் கணினியே இடமின்றி நின்றுபோனது.)

3. விர்ட்-மேனேஜருக்குப் பின்னால் இயங்கும் லிப்விர்ட் மென்பொருளின் இயல்பான வலையமைப்பு, 192.168.122 எனத் தொடங்கும் முகவரிகளை வழங்கும் நாட் (NAT, மடிக்கணினியின் முகவரி வழியாக வெளியே செல்லும்) முறையாகும். அதில் மெய்நிகர் கணினி இணையத்தை அடையும், வெளிக்கணினிகள் அதை நேரடியாக அடைய இயலாது. மெய்நிகர் கணினியை வெளி வலையமைப்பில் நேரடியாக இணைக்கும் பிரிட்ஜ் முறைக்கு வைஃபை பெரும்பாலும் ஒத்துவராததால் ஈதர்நெட் கேபிள் கட்டாயம் தேவை.

4. மெய்நிகர் கணினியின் திரையைக் காட்டும் ஸ்பைஸ், விஎன்சி ஆகிய இரு முறைகளையும் பார்ப்போம்.

வருவோர் வெள்ளி மாலை 6 மணிக்குள் பெயரையும் மடிக்கணினியின் ராம் அளவையும் இங்கே பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வருவோர் அதையும் குறிப்பிட்டால் மதிய உணவுக்குச் சொல்லிவைக்க வசதியாக இருக்கும்.