சிறுவர் தினச் சொக்லேட்: பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும் வெளிநாட்டுக் கிளைகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். சிறுவர் தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் கொடுக்கும் சொக்லேட் பற்றிச் சென்ற வருடம் நான் எழுதிய கடிதம் உங்கள் கோப்பில் இருக்கிறது. கிடைத்தது என்று செயலாளர் தொலைபேசியில் சொன்னார். "பார்ப்பம்" என்றும் சொன்னார். யாழ்ப்பாணத்தில் "பார்ப்பம்" என்றால் என்ன பொருள் என்று தெரிந்தவன் என்பதால் நானும் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இந்த ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தின விழாவில் நடந்ததைப் பார்த்த பிறகு அது முடியவில்லை.

நடந்ததை உங்களுக்கு விபரிக்கத் தேவையில்லை, மேடையில் இருந்தவர்களே நீங்கள்தான். ஆனால் மேடையில் இருப்பவர்களுக்குத் தங்கள் முதுகுப் பக்கம் தெரியாது. உங்களுக்குப் பின்னால் "சிறுவர் தொழிலை ஒழிப்போம்" என்று தரம் 9 பிள்ளைகள் கையால் எழுதிய பதாகை தொங்கியது. உங்களுக்கு முன்னால் மேசை நிறையச் சொக்லேட் பொதிகள். ஒவ்வொரு பொதியிலும் ஓர் ஒட்டுத்தாள்: அன்பளிப்புச் செய்தவரின் பெயர், அவருடைய தகப்பனாரின் பெயர், பிறந்த ஊர், இப்போது இருக்கும் நாடு, கிளையின் பெயர். கொக்கோ எந்த ஊர் என்பது மட்டும் எதிலும் இல்லை.

பதாகை எழுதியவர்களில் என் மகளும் ஒருத்தி. பொதியை வாங்கியவள் அங்கேயே நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸின் தவளைப் படத்தைத் தேடினாள், ஃபெயார்ட்ரேட் முத்திரையைத் தேடினாள். விவசாயியின் நலனையும் சுற்றாடலையும் பார்த்து வாங்கிய கொக்கோ என்று காட்டப் போடுகிற முத்திரைகள் அவை. இரண்டும் இல்லை. பகிர்ந்துகொண்டிருந்த உங்கள் உறுப்பினரிடம், "அங்கிள், இது எந்த நாட்டுக் கொக்கோ?" என்று கேட்டாள். "தாறதை வாங்கிக்கொண்டு போம் பிள்ளை, பின்னாலை லைன் நிக்குது" என்றார். லைன் நின்றது உண்மைதான். விடியற்காலையிலிருந்து நின்ற மனிசன், அவரை நான் குறை சொல்லவில்லை. அது அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் இல்லை. வாங்க முடிவெடுத்தவர்கள் நீங்கள்.

உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆபிரிக்காவில், ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது. அங்கே மிக மோசமான சிறுவர் தொழிலை 2005க்குள் ஒழிப்பதாகப் பெரிய சொக்லேட் கம்பனிகள் 2001இல் அமெரிக்காவில் கையெழுத்துப் போட்டன. 2005 போய் 2008 ஆனது. 2008 போய் 2010 ஆனது. அப்புறம், 2020க்குள் எழுபது வீதம் குறைப்போம் என்றார்கள். அந்த 2020இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் அறிக்கை வெளியிட்டபோது, அந்த இரண்டு நாடுகளிலும் கொக்கோவில் சிறுவர் தொழிலில் இருந்தவர்கள் 15 இலட்சத்து 60 ஆயிரம் பேர். அந்தக் கம்பனிக்காரரும் "பார்ப்பம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள் போல.

"நாங்களும் சின்னனிலை தோட்டத்திலை நிண்டனாங்கள்தானே" என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். நானும்தான் நின்றேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து வெங்காயத்துக்குத் தண்ணி மாறுவேன். ஒருநாள் ஐயா சந்தைக்குப் போயிருந்த நேரம், மருந்தடிக்கிற டாங்கியைப் பெரிய ஆள் மாதிரி முதுகில் மாட்டப் போனேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பூவரசந் தடியால் போட்ட அடி இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. "மருந்தைத் தொட்டியோ, கையை முறிப்பன்" என்றா. எனக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசம் அந்த அடிதான்.

அங்கேயும் பெரும்பாலான பிள்ளைகள் சொந்தத் தாய்தகப்பனின் காணியில்தான் நிற்கிறார்கள். அந்தத் தாய்க்கும் பிள்ளை மேல் பாசம் இருக்கும். ஆனால் கூலிக்கு ஆள் பிடிக்கக் காசு இல்லை. அதனால் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு கையில் கொக்கோக் காயைப் பிடித்துக்கொண்டு மறு கையில் உள்ள நீட்டுக் கத்தியால் அதைப் பிளக்கிறது. பிளந்த காயின் வெள்ளைச் சதை வழுவழுவென்று இருக்கும். கையும் வழுக்கும், கத்தியும் வழுக்கும். பாரமான மூட்டை தூக்குவதும் மருந்து தெளிப்பதும் வேறு. ஐவரி கோஸ்டில் கொக்கோவின் பெரும்போகம் வழக்கமாகத் தொடங்குவதும் இதே ஒக்டோபர் 1ஆம் திகதிதான். நாங்கள் இங்கே பலூன் கட்டுகிற நாள்.

2024 டிசம்பரில் உலகச் சந்தையில் ஒரு தொன் கொக்கோ 12,000 டொலரைத் தாண்டியது. விவசாயிக்கு யோகம் என்றுதானே நினைப்போம்? அந்தப் பருவத்துக்கு ஐவரி கோஸ்ட் அரசு விவசாயிக்கு நிர்ணயித்த விலை கிலோவுக்கு 1,800 ஃபிராங், ஏறத்தாழ மூன்று டொலர். தொன்னுக்கு மூவாயிரம். விளைச்சலில் பெரும்பகுதியை அறுவடைக்கு முன்னரே பழைய விலைக்கு விற்றுவிடுகிற முறை அங்கே. சந்தைக்கு மரக்கறி கொண்டுபோய், பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ "கழிவு" என்று கண்ணுக்கு முன்னால் வெட்டுக் கொடுத்த ஊர் எங்களுடையது. இந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த சிறுவர் தினத்துக்குச் சொக்லேட் வாங்கும்போது, எங்கே யார் பயிரிட்ட கொக்கோ என்று கேட்டு வாங்குங்கள்.

சுற்றாடல் பற்றியும் ஒரு வார்த்தை. ஐவரி கோஸ்ட் 1960க்குப் பிறகு தன் காட்டில் எண்பது வீதத்துக்கு மேல் இழந்துவிட்டது. அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று கொக்கோ. இது தெரிந்துதானோ என்னவோ, பிரதம விருந்தினர் கையால் ஒரு வேப்பங்கன்றும் நட வைத்தீர்கள். சென்ற வருடமும் அதே குழியில்தான் நட்டதாக ஞாபகம். நடுகிறவருக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கு மாலை, மாலை போட்டவருக்கு நன்றியுரை. அது முடியும்வரை சின்ன வகுப்புப் பிள்ளைகள் வெயிலில். பின்னேரம் மைதானத்தில் பறந்த சொக்லேட் உறைகளை மறுநாள் அதே பிள்ளைகள்தான் பொறுக்கினார்கள். அந்தப் படம் மட்டும் முகநூலில் வரவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் சேவையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஆய்வுகூடக் கூரை உங்கள் காசில்தான் போட்டது என்பதை மறக்கவில்லை.

இது செய்ய முடியாத காரியமும் இல்லை. லண்டனில் கோ-ஒப் கடைகள் தங்கள் சொந்தப் பெயர்ச் சொக்லேட் கட்டிகளை 2002இலேயே ஃபெயார்ட்ரேட் கொக்கோவுக்கு மாற்றிவிட்டன. சுவிஸ் கிளைக்கு, ஃபெயார்ட்ரேட்டுக்கு அங்கே உள்ள பெயரான மக்ஸ் ஹவலார் முத்திரை எது என்று நான் இங்கிருந்து விளக்கினால் சிரிப்பார்கள். நீங்கள் வழக்கமாக எடுக்கும் பக்கற்றுக்குப் பக்கத்துத் தட்டில்தான் அது இருக்கும். விலை கொஞ்சம் கூட என்றால் பொதியைச் சின்னதாக்குங்கள். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து உருகி உறையோடு ஒட்டிக்கொள்ளும் பெரிய கட்டியைவிட, முழுசாய் வந்துசேரும் சின்னக் கட்டி நல்லது.

முத்திரை இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலையில் முத்திரைக் கொக்கோவை மற்றதோடு கலக்க விதியில் இடமிருக்கிறது, வாங்கிய அளவுக்குக் கணக்குக் காட்டினால் சரி. ஆனாலும் ஃபெயார்ட்ரேட்டில் சந்தை விழுந்தால் அதற்குக் கீழே போக முடியாத ஒரு விலை இருக்கிறது. விவசாயிகளின் சங்கத்துக்கு ஒரு மேலதிகத் தொகையும் போகிறது. ஒன்றுமே இல்லாத உறைக்கு அது எவ்வளவோ மேல்.

அதுவும் கஷ்டம் என்றால் மாத்தளையிலும் கண்டியிலும் கொக்கோ விளைகிறது, அதில் செய்ததைத் தேடலாம். இல்லையென்றால் பனையோலைக் குட்டானில் பனங்கட்டியும் இரண்டு எள்ளுருண்டையும் கொடுங்கள், ஓலை மைதானத்தில் கிடந்தாலும் உக்கிப் போகும். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், தெரியும். என் மகளும் சுளிப்பாள். அவளுக்கும் சொக்லேட்தான் பிடிக்கும். அதனால்தான் கேட்டு வாங்குங்கள் என்கிறேன், வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை.

தை மாதப் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து கடைசியில் "ஏனைய விடயங்கள்" என்பதற்குள் போட வேண்டாம். அந்த நேரம் தேத்தண்ணி வந்துவிடும்.

இப்படிக்கு,
சந்தா ஒழுங்காகக் கட்டும் ஒரு பழைய மாணவன்,
தரம் 9 பிள்ளையொன்றின் தகப்பன்
யாழ்ப்பாணம்