ஏற்றி அனுப்பவும் வேகம் கொடுங்கள்

டெல்டா மாவட்டங்களில் வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். நடவிலும் களையெடுப்பிலும் எங்கள் ஊர்ப் பெண்கள் பாடிய பாட்டுகளைப் பதிவு செய்து ஓர் இணையதளத்தில் சேர்த்து வருகிறேன். பாடத் தெரிந்தவர்கள் எல்லாருமே எழுபதைத் தாண்டியவர்கள். வயலில் மெஷின் இறங்கிய பிறகு அடுத்த தலைமுறைக்குப் பாட்டு போய்ச் சேரவில்லை.

குரல் கெடாமல் இருக்க, சுருக்காத வேவ் கோப்பாகவே வைக்கிறேன். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பி. என் இணைப்பு 40 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 40 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி), என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது டவுன்லோடுக்கு மட்டும். அப்லோடு வேகம் 2. டவுன்லோடில் இரண்டே நிமிடத்தில் வந்துவிடும் ஒரு மணி நேரக் கோப்பை சர்வருக்கு அனுப்ப 40 நிமிடம் ஆகிறது.

போன ஐப்பசியில் எங்கள் தெரு ஆத்தா ஒருவர் இரண்டரை மணி நேரம் பாடினார். நடுவில் வெற்றிலை போட மட்டும் நிறுத்தினார். திருப்பூரில் இருக்கும் அவர் பேத்தி, காலையில் வேலைக்குப் போகும் முன் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ராத்திரி பத்தரைக்கு, கோப்பு அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றே முக்காலுக்கு மழையோடு கரண்ட் போனது. முக்கால்வாசி ஏறியிருந்தது. 2018 நவம்பரில் கஜா அடித்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்த பிறகு வாங்கிய இன்வெர்ட்டர் என் வீட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஓடியது, மோடம் ஓடியது. தெருவுக்கு இணையம் பிரித்துக் கொடுக்கும், தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் பெட்டி செத்துவிட்டது. திரையில் சிவப்பு எழுத்து வந்து நின்றது. விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது மறுநாள் மதியம்தான். பேத்தி அதற்குள் வேலைக்குப் போய்விட்டாள்.

டெலிபோன் செம்புக் கம்பியில் இணையம் வந்த காலத்தில், அப்லோடு வேகம் குறைவாக இருந்ததற்கு நியாயம் இருந்தது. அந்தக் கம்பியில் இணையம் கொடுத்த ஏடிஎஸ்எல் முறையில் அலைவரிசையின் பெரும்பங்கை டவுன்லோடுக்கு ஒதுக்கிவிடுவார்கள். ஏடிஎஸ்எல்2+ வந்தும் கீழே 24 எம்பிபிஎஸ் வரை என்றால் மேலே ஒன்றை ஒட்டித்தான். இப்போது எங்கள் தெருவுக்கே ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபரில் இரண்டு பக்கமும் ஒரே வேகம் கொடுக்க முடியும், கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். திட்டத்தில் மட்டும் ஏன் பழைய பங்கீடு? கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி முறையை 1971-ல் முதன்முதலில் எழுதி வைத்தவர் நம் கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷண். எடுப்பதற்கும் வைப்பதற்கும் அதில் அன்றைக்கே இடம் இருந்தது.

கடைமடைக்காரர்களுக்குக் காத்திருப்பது பழக்கம்தான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்ட நாளாகும். ஆனால் ஆற்றில் தண்ணீர் வருவது மழையின் கையில் இருக்கிறது. இது நீங்கள் போடும் திட்டத்தின் கையில் இருக்கிறது. மன்னார்குடியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் பெரிய கோப்பு அனுப்ப வேண்டியிருந்தால் ஹார்டு டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறுகிறார்.

ஆகவே, விளம்பரத்தில் அப்லோடு வேகத்தையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். இரண்டு பக்கமும் சம வேகம் உள்ள திட்டம் ஒன்றாவது கிராமங்களுக்கும் கொடுங்கள், கூடுதல் பணம் என்றாலும் சரி. அப்புறம், தெருப் பெட்டிகளுக்கு அடுத்த ஐப்பசி மழைக்கு முன் பேட்டரி வையுங்கள். இன்னும் பதினொரு பேரிடம் பாட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதில் இருவருக்கு உடம்பு சரியில்லை.

அன்புடன்,
கடைமடையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்