நனைந்த சட்டை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலியால்தான் எழுதவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். சரி, சோம்பல்தான்.

பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். ஐந்து வயது, வாய் ஓயாது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்தார்களே, கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே குழந்தைகள் பகுதிக்கு வாரம் இரண்டு நாள் கூட்டிப்போகிறேன். ஏசியில் உட்காரலாம் என்பதுதான் என் கணக்கு, மறைப்பானேன்.

போன வாரம் ஒரு படப் புத்தகம் வாசித்துக்காட்டினேன். ‘மழை பெய்தது. இருவரும் பள்ளிக்குப் போனார்கள்.’ அவ்வளவுதான் எழுத்து. வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அவள் திருப்பிப் புரட்டினாள்.

“அப்பா சட்டை மட்டும் ஏன் நனைஞ்சிருக்கு?”

“குடை சின்னது.”

“இல்ல பாட்டி, குடை பெருசு. அவர் பையன் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சிருக்கார்.”

முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு அது கண்ணில் படவில்லை. எழுத்துத் தெரிந்தவர்கள் எழுத்தை வாசித்துவிட்டு ஓடுகிறோம். அவளுக்கு இன்னும் சரளமாக வாசிக்க வராது, அதனால் படத்தில் நின்று பார்க்கிறாள். இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான். அச்சுத் தாளை மடிக்கிற கணக்கு அது. அந்த 32 பக்கத்துக்கு எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

நம் வீடுகளில் பாசத்தை யார் வாயால் சொன்னார்கள்? உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். கல்லூரி விட்டு நேரமாகி வரும்போதெல்லாம் பெரியார் பஸ் ஸ்டாண்டில் சைக்கிளோடு நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நம் பைகளை வாங்கி கேரியரில் வைத்துக்கொண்டு முன்னால் தள்ளிக்கொண்டு போவார். கோபம் என்று நினைத்து நாம் பயந்துகொண்டே பின்னால் நடந்தோம். அது என்னவென்று யாராவது ஒரு படமாகப் போட்டுக் காட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

எல்லாப் புத்தகமும் அப்படியில்லை. தமுக்கம் புத்தகத் திருவிழாவில் வாங்கிய ஒன்றில் கடைசிப் பக்கத்தில், ‘ஆகவே குழந்தைகளே, எல்லோரிடமும் அன்பாக இருங்கள்’ என்று போட்டிருந்தது. பேத்தி பட்டென்று மூடிவிட்டாள். எனக்கும் நீதிபோதனை வகுப்பு ஞாபகம்தான் வந்தது.

உன் பேரனுக்குப் புத்தகம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாயே. பிரதம் புக்ஸ்காரர்களின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிறைய இருக்கிறது, காசு கிடையாது. ஆனால் போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போய்விடாதே. பக்கத்தில் உட்கார். அவன் எந்தப் படத்தில் நிற்கிறானோ, அங்கே நீயும் நில்.

அப்புறம் ஒரு விஷயம். நேற்றுக் காலை பேத்தி கேட்டாள், “தாத்தா ஏன் பேப்பர்ல ஒரு பக்கத்தை மட்டும் மடிச்சு உன் காபி டம்ளர்கிட்ட வைக்கிறார்?” குறுக்கெழுத்து வரும் பக்கம். எத்தனை வருஷமாகவோ அது அங்கேயே இருக்கிறது, நானும் எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். யார் வைத்தது என்று யோசித்ததேயில்லை. அவரிடமே கேட்டேன்.

“பேப்பர் கலைஞ்சுபோகுமேன்னுதான்” என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மாவடு போடும் பக்குவத்தை அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரி