தோற்ற நாளில் எங்கே போனது ஒற்றுமை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பீகாரின் ராஜ்கிரில் நம் மகளிர் ஹாக்கி அணி சீனாவை 1-0 என்று வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைத் தக்கவைத்ததைப் பற்றிய தலையங்கம் படித்தேன். ‘இந்த ஒரு வெற்றியில் சாதி, மொழி, மாநிலம் எல்லாம் மறந்து தேசம் ஒன்றாகிவிட்டது’ என்று எழுதியிருந்தீர்கள். தீபிகா கோல் போட்டபோது நானும் எழுந்து நின்று கைதட்டியவள்தான். ஆனாலும் அந்த வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2021 ஆகஸ்டைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டோக்கியோவில் குர்ஜித் கவுரின் ஒரே கோலில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி, முதன்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனோம். அன்றும் நாடே கொண்டாடியது. இரண்டே நாளில் அர்ஜென்டினாவிடம் தோற்றதும், ஹரித்வார் பக்கத்தில் அணியின் வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள், கைதும் நடந்தது. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக், அதாவது ஒரே ஆட்டத்தில் மூன்று கோல், அடித்த முதல் இந்தியப் பெண் என்று அவர் பெயர் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜெயித்தால் நம் வீட்டுப் பெண், தோற்றால் சேரிப் பெண்ணா? இதற்குப் பெயர் ஒற்றுமையா ஐயா?

தஞ்சை மாவட்டத்துப் பள்ளிகளிலேயே பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தை பிறந்தால் எங்கள் மைதானம் நெல்லுக்குப் போய்விடும். கொள்முதல் நிலையத்தில் இடம் போதாமல் மூட்டை அடுக்குவார்கள், மிச்ச இடத்தில் நெல் காயும். விவசாயியின் நெல் நனையக் கூடாது, அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் கடைசி லாரி போன மறுநாளே பையன்கள் ஸ்டம்பு நட்டுவிடுவார்கள். என் ஹாக்கி அணிப் பெண்கள் சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் பந்து உருட்டுவார்கள். ஸ்டிக்கின் பிடி பிய்ந்தால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கொடுப்பேன். கோல்கீப்பர் பெண், பையன்களிடம் இரவல் வாங்கிய கிரிக்கெட் பேடைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

அந்த அணிதான் ஒரு வருஷம் குறுவட்டப் போட்டியில் ஜெயித்தது. பெயர்களோடு தங்கள் நாளிதழுக்கு எழுதி அனுப்பினேன். வரவில்லை. அடுத்த மாதமே கோல்கீப்பரின் அம்மா வந்து, “வயசுக்கு வந்த பொண்ணு, வெயில்ல கருத்துப்போறா டீச்சர், போதும்” என்று நிறுத்திவிட்டார். அந்தச் செய்தி வந்திருந்தால் அவரிடம் காட்டிப் பேசியிருப்பேன். காட்ட என் கையில் ஒன்றுமில்லை.

2002இல் மான்செஸ்டரில் இங்கிலாந்தை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்துக் காமன்வெல்த் தங்கம் வாங்கியதே ஓர் அணி, அதன் தலைவி மணிப்பூரின் சூரஜ் லதா தேவி. இந்தப் பெயரை எங்கள் பிள்ளைகளிடம் யார் சொன்னார்கள்? இப்போதும் பாருங்கள், தாங்கள் போட்ட படத்தில் கோப்பையோடு நிற்கும் பெண்களில் ஒருவர் பெயரும் இல்லை. அந்த அணியின் கேப்டன் சலிமா டெடே, ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்துக்காரர். அதையாவது போட்டிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெண்கள் அணியின் படம் போட்டால் கீழே பெயர்களையும் போடுங்கள். டெல்டா மாவட்டப் பள்ளி மாணவியரின் ஹாக்கி முடிவுகளை உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரியாவது வெளியிடுங்கள். இந்தக் கடிதம் நீளம் என்றால் தாராளமாகச் சுருக்கிக்கொள்ளலாம். வந்தனாவைப் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.