எல்லைக் கல்லோடு நின்றுபோகும் தூர்வாரல்

டெல்டாவின் இருப்புப்பாதைகளைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

காவிரிப் படுகை மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்து கிடக்கிறது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போடப்பட்ட பாதை ஏறத்தாழ அந்தச் சரிவை ஒட்டியே செல்கிறது. 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் போடப்பட்ட பாதையோ தெற்கே இறங்குவதால், வழியில் உள்ள ஆறு, வாய்க்கால், வடிகால் அனைத்தையும் குறுக்கே கடக்கிறது. அப்படிக் குறுக்கே போகும் ஒரு ரயில் மேட்டுக்குக் கிழக்கே, கடைமடையில் இருக்கிறது எங்கள் ஊர். எங்களுக்கு வரவேண்டிய தண்ணீர் உங்கள் பாலத்துக் கண்கள் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

சென்ற மே மாதம் வாய்க்காலைத் தூர்வார வந்த பொக்லைன், உங்கள் எல்லைக் கல்லுக்கு இரண்டடி முன்பாகவே நின்று திரும்பிவிட்டது. கல்லுக்கு இப்பால் இடுப்பளவு வெட்டிய வாய்க்கால். அப்பால் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும், அவற்றுக்கு அடியில் முழங்கால் புதையும் வண்டலும். மூன்று கண் பாலத்தில் ஒரு கண் உச்சிவரை மண்ணால் அடைந்திருக்கிறது. இன்னொன்றில், பாதையைப் புதுப்பித்தபோது கழித்துப்போட்ட கான்கிரீட் சிலீப்பர்த் துண்டுகளும் ஜல்லியும் கிடக்கின்றன. மூன்றாவதில் மட்டும் ஓர் ஆள் குனிந்து நுழையலாம். நுழைந்து பார்த்துத்தான் எழுதுகிறேன்; அதற்கு என்மீது வழக்குப் போடுவதானாலும் போடலாம்.

மேலே ஓடும் தண்டவாளத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. சித்திரை வெயிலிலும் கேங்மேன்கள் சாவியும் சுத்தியலுமாக நடப்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்தக் கவனத்தில் கொஞ்சம்கூட மேட்டின் அடிவாரத்துக்கு இறங்கி வராததுதான் எங்கள் வருத்தம். ஆனி மாதத்தில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் எட்டாமல் நாங்கள் காய்கிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே அடைப்பினால் வடிய வழியின்றி மேற்கு ஊர்க்காரர்களின் சம்பா மூழ்குகிறது. நாங்கள்தான் வாய்க்காலை மறித்துவிட்டோம் என்று அவர்கள் ஒருமுறை மண்வெட்டியோடு வந்தார்கள். பாலத்தடியைக் காட்டி அனுப்பிவைத்தோம்.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, பாதை அமைவதற்கு முன் அக்கம்பக்கத்து நிலங்களுக்கும் அவற்றிலிருந்தும் தண்ணீர் எவ்வளவு தாராளமாகப் போய்வந்ததோ, கூடுமானவரை அவ்வளவு தாராளமாகப் போய்வரும்படி பாலங்களையும் வடிகால்களையும் அமைத்துப் பராமரிக்கும் கடமையை ரயில்வே நிர்வாகத்தின் மீது வைக்கிறது. ஆகவே நாங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. ஊராரே இறங்கி வெட்டிக்கொள்கிறோம் என்று மனு கொடுத்தபோது, எல்லைக்குள் யாரும் வரக்கூடாது என்று பதில் வந்தது. அது நியாயம்தான், அப்படியானால் வெட்டும் வேலை உங்களுடையது.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன், நீர்வளத்துறையின் பொக்லைன் அடுத்தமுறை வாய்க்காலில் இறங்கும் அதே வாரத்தில், உங்கள் ஆட்களும் எல்லைக் கல்லுக்கு அப்பால் இறங்கட்டும். எந்தக் கண்ணில் என்ன கிடக்கிறது என்று காட்ட நான் கரையில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்